பூஜையில் வைத்த மூச்சு மெஷின்

என் கணவரின் குறட்டையைப் பற்றி அவர் குடும்பத்தில் ஒரு பெருமை உண்டு. கல்யாணமான புதிதில் அவருடைய அக்கா, பரம்பரை நகையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவதுபோல அதை எனக்கு எடுத்துச் சொன்னார். அவர்களுடைய அப்பாவுக்கும் இப்படித்தானாம், சித்தப்பாவுக்கும் இப்படித்தானாம். காஹாங் பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசையில் முதல் வீட்டில் படுத்தால் கடைசி வீட்டுக்குக் கேட்குமாம். உழைக்கிற ஆம்பளை அப்படித்தான் தூங்குவான் என்று முடித்தார். அந்த அப்பாவும் சித்தப்பாவும் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டவில்லை, இரண்டு பேருமே தூக்கத்தில் போனவர்கள் என்பதையும் அதே மூச்சில், அதே பெருமையோடுதான் சொன்னார். நல்ல சாவாம்.

இந்தக் குடும்பத்தின் புத்தியைப் பற்றி எனக்கு அன்றைக்கே ஒரு முடிவு வந்துவிட்டது. நான் குளுவாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆபீஸில் கிராணி, அதாவது கிளார்க். ஆசிரியர் சம்பளத் தாளிலிருந்து பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் வரை என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பேர். தலைமையாசிரியர்கள் மாறுவார்கள், நான் மாறுவதில்லை. முட்டாள்தனத்தைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது, அதை என்னுடைய நல்ல குணம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் பாக்டரி பஸ் ஓட்டுகிறார். விடியுமுன் குளுவாங்கில் கிளம்பி, சிம்பாங் ரெங்கம் வழியாக ஆள் ஏற்றிக்கொண்டு, செனாய் தொழிற்பேட்டையில் காலை ஷிஃப்டை இறக்கிவிட்டு, இரவு ஷிஃப்ட் முடித்தவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்புவார். சாயங்காலம் மறுபடி ஒரு நடை. பஸ் நிறைய ஆள், பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். தூங்காமல் இருக்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான்.

அந்த ஒருவர் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிறவராக இருந்தார். மகளின் பரிசளிப்பு விழாவில் முதல் வரிசையில் தூங்கினார். கோயில் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது தூங்கி, கைதட்டலுக்கு எழுந்து தானும் தட்டினார். கல்யாண வீட்டில் சாம்பார் வருவதற்குள் இலை முன்னால் தலை தொங்கிவிடும். நான் இடித்தால், கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன் என்பார். இவர் மூடிய கண்ணோடு யோசித்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்திருந்தால் நாட்டுக்கு ஒரு மந்திரி கிடைத்திருப்பார் என்று நான் நாலு பேர் மத்தியில் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். தூங்குமூஞ்சி என்ற பட்டத்தை நான்தான் வைத்தேன், அது அவருடைய நண்பர்கள் வரைக்கும் பரவியது.

இதை உடைத்தவள் மகள். அவள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், வாரக் கடைசியில் வருவாள். ஒரு தடவை அவளுடைய அறையில் ஏர்கான் கெட்டுப்போனதால் எங்கள் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஹாலில் படுத்தாள். காலையில் பசியாறும்போது கைப்பேசியை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, அப்பாவின் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். கர்ர் என்று ஏறி ஏறிப் போகும். பிறகு சுத்தமாக ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீரில் மூழ்கினவன் மேலே வருவதுபோல ஒரு திணறல்.

"அம்மா, இது குறட்டை இல்ல. அப்பாவுக்கு மூச்சு நிக்குது," என்றாள்.

கணவர் தோசையைப் பிட்டுக்கொண்டே, போன் சரியாகப் பிடித்திருக்காது என்றார். அந்த ஒன்றுமில்லாத இடைவெளி எனக்குப் புதிதல்ல. இருபது வருஷத்துக்கு மேலாகப் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன். அந்த இடைவெளி வரும்போதெல்லாம் நான் என்ன செய்வேன் தெரியுமா? அப்பாடா என்று சந்தோஷப்பட்டு, சத்தம் திரும்புவதற்குள் தூங்கிவிடப் பார்ப்பேன். அவர் மூச்சில்லாமல் கிடந்த நேரத்தில்தான் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரி. விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை என்று ஏதேதோ மாட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். முகத்தில் எந்த அலட்டலும் இல்லாமல் விளக்கினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து காற்றுக் குழாயை அடைத்துவிடுகிறது, மூளை பயந்து எழுப்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. எத்தனை தடவை என்று ஒரு எண் சொன்னார். ராத்திரி முழுதுக்கும் இத்தனையா என்று வாயைப் பிளந்தேன். அது ஒரு மணி நேரத்துக்கு என்றார்.

அப்படியானால் இந்த மனிதர் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு நாளும் தூங்கியதே இல்லை. தூங்காத மனிதருக்கு நான் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்திருக்கிறேன்.

மெஷின் போட்டால் சரியாகும், போடாவிட்டால் பஸ் ஓட்டக்கூடாது என்று டாக்டர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இரண்டு வாரம் ஓட்டக்கூடாது, மெஷின் பழகட்டும். அதற்குப் பிறகு ஓட்டலாம், ஆனால் ஒரு ராத்திரிகூட விடக்கூடாது. மெஷினுக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கிறது, எந்த ராத்திரி எத்தனை மணி நேரம் போட்டார் என்று அது எழுதி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அட்டையைக் காட்டினால், ஓட்டத் தகுதியானவர் என்று டாக்டர் கடிதம் தருவார். கடிதத்தைப் பஸ் முதலாளியிடம் கொடுத்தால்தான் சாவி.

மெஷினை மகள் வாங்கிக் கொடுத்தாள். பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை, ரொட்டிப் பெட்டி அளவுதான். அறையில் இருக்கிற காற்றைப் பின்பக்கத்து வலை வழியாக இழுத்து, சின்னத் தண்ணீர்த் தொட்டியில் ஈரமாக்கி, குழாய் வழியாக மூக்குக்குள் அழுத்தி அனுப்பும். தொண்டை அடைக்காமல் திறந்தே இருக்கும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானைப் புரியவைக்க எனக்கு அரை வருஷம் போதவில்லை.

செய்தி எப்படிப் போனதோ, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்று போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மைலோ டின், ஆரஞ்சுப் பழம், பிஸ்கட் டின். சாவு வீட்டுக்குப் போவதற்கு முந்தின கட்டத்துக்கு நம்மவர்கள் ஒரு முகம் வைத்திருப்பார்கள், அதை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஆள் வாசலில் புல் வெட்டிக்கொண்டிருப்பார், அவரைத் தாண்டி உள்ளே வந்து என்னிடம் குரலைத் தாழ்த்தி, டாக்டர் எத்தனை நாள் சொல்லியிருக்கிறார் என்று கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார் என்பேன். ஐயோ மூன்று மாதம்தானா என்று மூக்கைச் சிந்துவார்கள். ஒருவர் சேமநிதிப் பணத்துக்கு யார் பேர் போட்டிருக்கிறது என்றே விசாரித்துவிட்டார்.

வராதவர்கள் கைப்பேசியில் வைத்தியம் அனுப்பினார்கள். படுக்குமுன் மூக்கில் பூண்டு, வாயில் பிளாஸ்திரி, தலைக்குக் கீழே இரும்பு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பேர் ஒட்டாத பாட்டிலில் எதை விற்றாலும் வாங்கிக் குடிக்கிறவர்கள், டாக்டர் கொடுத்த காற்றைப் பார்த்துப் பயந்தார்கள். காற்றைத்தான் சொல்கிறேன். வெறும் காற்று.

எல்லாருக்கும் தலைமை தாங்கினவர் காஹாங்கில் இருந்து பஸ் ஏறி வந்த அண்ணி, அதாவது கணவரின் அக்கா. அவருக்கு இந்த மெஷினைக் கண்டாலே ஆகவில்லை. காற்றை இப்படி ஊதிக்கொண்டே இருந்தால் நுரையீரலுக்குச் சோம்பல் பிடித்துவிடும், அப்புறம் தம்பிக்குச் சொந்தமாக மூச்சு விடவே மறந்துபோகும் என்றார். அப்படியென்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்களெல்லாம் இந்நேரம் மறந்திருக்க வேண்டுமே அண்ணி என்று கேட்டேன். உனக்கு எல்லாம் தெரியும் என்றார். ஆமாம் என்றேன்.

கணவரும் சும்மா இல்லை. முதல் வாரம் மூக்கு காய்கிறது என்றார், இரண்டாவது வாரம் வயிற்றில் காற்று நிறைகிறது என்றார். மாஸ்க்கின் பட்டை கன்னத்தில் அழுத்தி இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு விழும். பஸ்ஸில் அவருக்கு நேர் பின்னால் உட்காரும் மலாய்க்கார அக்கா, வீட்டில் யார் அறைந்தது என்று கேட்டுவிட்டாராம். அதிலிருந்து காலையில் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு போனார். ஐம்பது வயது பஸ் டிரைவர், கூத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி கண்ணாடி முன்னால் நிற்பார். நான் விடவில்லை. தினமும் நானே தொட்டியைக் கழுவி, ஆறின தண்ணீர் ஊற்றி, மாஸ்க்கை மாட்டிவிட்டேன்.

ஒரு மாதம் ஆகவில்லை, வேறு ஆள் ஒருவர் என் வீட்டில் நடமாட ஆரம்பித்தார். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். படம் முடிந்ததும் கதையைப் பற்றி என்னோடு சண்டைகூடப் போட்டார். கனவு வருகிறது என்று ஆச்சரியமாகச் சொன்னார். ஒரு நாள் கோயில் கூட்டத்தில் எழுந்து கணக்கில் கேள்வி கேட்டுவிட்டாராம், செயலாளர் எனக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார். எனக்கு இவரைப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் கழித்து, புதிதாகப் பார்த்த மாதிரி பிடித்திருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல்தான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

ஆயுத பூஜை வந்தது. பஸ் ஓட்டுகிற வீட்டில் அது தீபாவளிக்குச் சமம். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக் கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைக்க வேண்டும். வீட்டுக்குள் சாமி முன்னால் சோறு போடுகிற சாமான்களையெல்லாம் அடுக்குவோம். மகளின் பழைய புத்தகம், என்னுடைய ஸ்டேப்ளர், பள்ளிக்கூட ரப்பர் முத்திரை, அண்ணியின் தையல் கத்தரி, மாமனார் வைத்திருந்த பாராங் கத்தி. வைத்த சாமானை மறுநாள் காலையில் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது, அதற்கும் ஒரு நாள் ஓய்வு. ஆனால் செனாயில் இருக்கிற பாக்டரிக்கு ஆயுத பூஜை தெரியாது. சாயங்கால நடைக்கு வண்டி போயாக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் பல வருஷமாக ஒரு ஏற்பாடு உண்டு. பஸ்ஸின் இரண்டாவது சாவியைச் சாமி முன்னால் வைப்போம், முதல் சாவியால் வண்டி ஓடும். சாமியும் இதுவரை ஆட்சேபம் சொன்னதில்லை.

வழக்கம்போல அண்ணி முதல் நாளே வந்து, பூஜையன்று மத்தியானம் மணையில் எல்லாவற்றையும் அவரே வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் நான் அறைக்குள் போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. சாணைக் கல்லுக்கும் அரிவாளுக்கும் சந்தனம் வைக்கிறோம், என் வீட்டு மனிதரை எனக்குத் திருப்பிக் கொடுத்த சாமானுக்கு ஒரு பொட்டு வைக்கக் கூடாதா? அந்த நினைப்போடு அமைதியாக ஓர் ஓரத்தில் வைத்து, கற்பூரம் காட்டியதும் எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

"இதெல்லாம் ஒரு ஆயுதமா? ஆஸ்பத்திரி சாமானைக் கொண்டாந்து சாமிகிட்ட வைக்கிறியே," என்றார் அண்ணி.

எனக்கு வந்ததே கோபம். பாராங் கத்தியைத் தள்ளிவிட்டு மெஷினை நடுவில் வைத்தேன். தலையில் விபூதிப் பட்டை போட்டேன். சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் நாலு பக்கமும் அப்பினேன், பின்பக்கத்து வலையின் மேலும்தான். குங்குமம் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சின்னச் சரம், அதற்கு மட்டும் பெரிய மாலை. உங்கள் தம்பி இதனால்தான் பஸ் ஓட்டுகிறார், இதைவிடப் பெரிய ஆயுதம் இந்த வீட்டில் எது என்று கேட்டேன். அண்ணி நான் தள்ளிய பாராங்கை எடுத்து ஓரத்தில் வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாயங்கால நடை முடித்து வந்த கணவர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். போனவர் திரும்பி வந்து, சாமி முன்னால் மாலையோடு உட்கார்ந்திருந்த மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எடுத்துக் குடும்மா. தம்பிக்கு வேணும்ல. அதான் நான் அப்பவே சொன்னேன், அது ஆயுதம் இல்ல, மருந்து மாதிரி. எடுத்தா தப்பில்ல."

அவர் சொன்னது சரி. வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் என்னால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அது ஆயுதம் இல்லை என்று ஆகிவிடும். மத்தியானம் நான் ஜெயித்தது தோற்றதாகிவிடும்.

"வச்சது வச்சதுதான். காலையில மறுபூஜை ஆனதும் எடுத்துக்கலாம்," என்றேன்.

சாமி பேரைச் சொல்லித்தான் அடம் பிடித்தேன். எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும், நாலாவதாகச் சாமிக்கும் தெரியும். கணவர், ஒரு ராத்திரிதானே லா, பரவாயில்லை என்று போய்ப் படுத்தார். சண்டை வேண்டாம் என்று நினைக்கிறவர்களை வைத்துத்தான் என்னைப் போன்றவர்கள் சண்டையில் ஜெயிக்கிறோம்.

அன்றைக்குப் பழைய சத்தம் திரும்பி வந்தது. ஏறி ஏறிப் போய், நின்று, திணறி. நான் எழுந்து ஹாலுக்குப் போய் மெஷினைத் தொடும் தூரம் வரை போனேன். அண்ணி ஹாலில்தான் பாய் போட்டுப் படுத்திருந்தார், விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் பார்க்க அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் குடிக்க வந்த மாதிரி குடித்துவிட்டுத் திரும்பினேன். இருட்டோடு கணவர் கிளம்பிப் போனபோது மறுபூஜை ஆகியிருக்கவில்லை.

காலை எட்டு மணி இருக்கும். பள்ளிக்கூட ஆபீஸ் போன் அடித்தது. அவர் ஆபீஸ் போனுக்கு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"ஒண்ணும் ஆகலை. சும்மாதான் கூப்பிட்டேன்," என்றார். அந்தப் பக்கம் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. "கண்ணை மூடினதே தெரியலை. பின்னால உக்கார்ற அக்கா தோளைப் பிடிச்சு இழுத்தாங்க. முழிச்சுப் பாக்குறேன், வண்டி ரோட்டை விட்டு எறங்கி புல்லுல போயிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் தள்ளி பெரிய காண்."

காண் என்றால் எங்கள் ஊரில் வாய்க்கால். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் செம்பனைத் தோட்ட ஓரமாகப் போகிற அந்தக் காணை நான் பார்த்திருக்கிறேன், ஒரு பஸ் உள்ளே போய்ப் படுக்கிற அகலம் இருக்கும். வண்டி நிறைய ஆள். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அந்த மலாய்க்கார அக்காவைத் தவிர. அவருக்கு மெஷின் விஷயம் தெரியும், பவுடரையும் மீறித் தினமும் தெரிகிற கோடு அன்றைக்கு இல்லையே என்று கண்ணாடியில் என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாராம். யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் இனிமேல் கோடு இல்லாமல் வந்தால் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாராம். யாரோ ஒரு பெண்ணுக்கு இருந்த அக்கறையும் அறிவும் எனக்கு இல்லை. நான் போனை வைத்துவிட்டு, கையெழுத்துக்கு வந்த தாளில் முத்திரை குத்தப் போனேன். முத்திரை வீட்டில் சாமி முன்னால் இருந்தது.

அண்ணியிடம் நாங்கள் சொல்லவில்லை. அண்ணியும் எதுவும் கேட்காமல் மத்தியானமே காஹாங்குக்குப் போய்விட்டார். மெஷினைத் துடைத்து எடுத்து வைத்தேன். வலைக்குள் போன சந்தனம் போகவில்லை. ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் படுத்திருக்கிற மாதிரி வாசமாக இருக்கிறது என்றார் கணவர். திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

சில வாரம் கழித்து அட்டையைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. டாக்டர் கணினியில் போட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு நீலக் கம்பம், வேலி மாதிரி வரிசையாக நின்றது. நடுவில் ஒரே ஒரு கம்பம் இல்லை. இது என்ன என்று கேட்டார். கணவர் கொஞ்சமும் தயங்காமல் அன்றைக்கு வீட்டில் கரண்ட் போய்விட்டது என்று மலாயில் சொன்னார். தாதி மெஷினைத் திருப்பிப் பார்த்து, பின்னால் என்ன மஞ்சளாக ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். கறி சிந்திவிட்டது என்றார். இந்த மனிதர் இத்தனை சரளமாகப் பொய் சொல்வார் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்காகச் சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்துக் கடிதத்தைப் பக்கத்தில் இழுத்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தக் காண் ஞாபகம் வந்தது. தலை சாய்ந்து தூங்கிக்கொண்டு போன அத்தனை பெண்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். தங்கள் டிரைவர் அன்றைக்கு மூச்சு விட்டாரா இல்லையா என்பது ஒரு வீட்டு நாத்தனார் சண்டையில் முடிவாகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியாது.

"பொய் சொல்றாரு, டாக்டர். மெஷினை எடுத்து சாமி முன்னால வச்சது நான். கேட்டப்ப குடுக்க மாட்டேன்னதும் நான். மறுநாள் பஸ் ரோட்டை விட்டு எறங்கிடுச்சு." எனக்குத் தெரிந்த மலாயில் இதைத்தான் சொன்னேன். டாக்டர் என்னையே பார்த்தார். ஏன் கொடுக்க மாட்டேன் என்றீர்கள் என்று கேட்டார். பூஜையை மலாயில் சொல்ல எனக்குத் தெரியும். நாத்தனார் முன்னால் தோற்கக்கூடாது என்பதை மரியாதையாகச் சொல்ல எந்த மொழியிலும் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. டாக்டர் பேனாவை மூடினார்.

மூன்று மாதம் பஸ் ஓட்டக்கூடாது என்று ஆயிற்று. முதலாளி நல்லவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. பஸ் பட்டறையில் வண்டி கழுவவும் எண்ணெய் மாற்றவும் வைத்தார். இருபத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மற்ற டிரைவர்களின் வண்டிக்கு அடியில் படுத்தார். என்னோடு நாலு நாள் பேசவில்லை. செய்தி தெரிந்த அண்ணி போன் போட்டார்.

"வாயாலேயே என் தம்பி சோத்துல மண்ணைப் போட்டுட்டியே," என்றார். வழக்கமாக நான் பதில் சொல்லும் இடம் அது. ஆமாம் அண்ணி என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஐந்தாவது நாள் கணவர் தொட்டியைக் கழுவச் சொல்லி என் கையில் கொடுத்தார். மூன்று மாதம் முடிந்து அட்டையைக் கொண்டுபோனபோது வேலியில் ஒரு கம்பமும் விட்டுப்போகவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிதத்தை அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். சாவி திரும்பக் கிடைத்த முதல் நாள் காலையில் அவர் பவுடர் பூசவில்லை. கன்னத்தில் இரண்டு கோடும் தெரியப் போனார். அந்த மலாய்க்கார அக்கா பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாராம்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் அண்ணி வந்தார். அவர் அடுக்கினார், நான் எடுத்துக் கொடுத்தேன். கத்தரி, ஸ்டேப்ளர், முத்திரை, பாராங், இரண்டாவது சாவி. நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அண்ணி ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் திரி போடக் குனிந்துவிட்டார். கணவர் கையில் கற்பூரத் தட்டோடு நின்றார்.

"எல்லா ஆயுதத்தையும் வச்சாச்சா? இவ வாயை வைக்கலையே," என்றார்.

அண்ணியின் முதுகு குலுங்கியது. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, நல்ல பதில்தான், இரண்டு பேரையும் ஒரே வீச்சில் உட்கார வைத்திருக்கும். விழுங்கிவிட்டேன். சாப்பாடு போட்டபோதும், பாத்திரம் கழுவும்போது அண்ணி வேண்டுமென்றே சோப்பை அதிகமாக ஊற்றியபோதும், ஒன்றும் சொல்லவில்லை.

படுக்கப் போனபோது தொட்டியில் தண்ணீர் ஊற்றி மெஷினைப் போட்டுவிட்டேன். அவர் மாட்டியிருந்த மாஸ்க்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மறுபூஜை வரைக்கும் பேசவே மாட்டியா?"

நான் மாஸ்க்கை அவர் கையிலிருந்து வாங்கி, மூக்கில் வைத்து, கோடு விழுகிற மாதிரி பட்டையை இழுத்து மாட்டினேன்.